வீட்டில் வந்த பதில் பரீட்சை ஹாலில் ஏன் வரவில்லை?

சயான் சரவணன்

வணக்கம். வேலை பார்த்துக்கொண்டே சி.ஏ. இன்டர் படிக்கிறேன். வீடு ஒரே ரூம், டிவி சத்தம் ஓயாது, அதனால் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மாட்டுங்காவில் ஒரு அப்யாசிகாவுக்குக் கிளம்பிவிடுவேன். மும்பைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், மாதம் ஒரு சிறு தொகை கட்டிவிட்டு உட்கார்ந்து படிக்கிற பொது அறை அது. வீட்டில் இடமில்லாத மாணவர்கள் இந்த ஊரில் ஏராளம். வொர்லியில் தெருவிளக்கில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளால் ஒரு தெருவுக்கே அப்யாஸ் கல்லி என்று பெயர் வந்துவிட்டது.

ஜன்னலோர மூலை டேபிள் எனக்குப் பழக்கம். கம்பெனிச் சட்டம் முழுவதையும் அங்கேதான் படித்தேன். போன வாரம் மாக் டெஸ்ட், தாதரில் ஒரு ஏசி ஹால். டிவிடெண்ட் பற்றி ஒரு கேள்வி. அந்தப் பக்கம் அப்படியே கண் முன்னால் நிற்கிறது. இடது பக்கம், மேலே, பச்சை ஹைலைட்டர், ஓரத்தில் பென்சிலில் ஒரு அம்புக்குறி. அம்புக்குறி எதைக் காட்டியது என்பது மட்டும் வரவில்லை. பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து ஸ்டேஷன் பிரிட்ஜில் ஏறும்போது வரிசையாக வந்து நிற்கிறது: அறிவித்த 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், யாரும் வாங்காமல் நிற்கிற பணத்தை அதற்கடுத்த 7 நாளுக்குள் தனிக் கணக்குக்கு மாற்ற வேண்டும், அங்கே 7 வருஷம் கிடந்தால் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். எல்லாம் சரி.

பயம்தான் காரணம் என்கிறார் அப்பா. படித்த இடத்திலேயே எழுதினால்தான் வரும், மனசு அப்படித்தான் வேலை செய்யும் என்கிறான் ரூம்மேட். எது உண்மை? படித்தது மண்டைக்குள் இருக்கிறதா, இல்லையா?

செம்பூர் கௌரி

இருக்கிறது தம்பி. இல்லாவிட்டால் பிரிட்ஜில் எங்கிருந்து வந்திருக்கும்? நான் கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுக்கிறேன், என் பாடத்திலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எண்டெல் டல்விங் என்று ஒரு ஆராய்ச்சியாளர், எஸ்டோனியாவில் பிறந்து டொராண்டோவில் வேலை பார்த்தவர், 2023இல்தான் காலமானார். அவரும் பெர்ல்ஸ்டோன் என்பவரும் 1966இல் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களுக்கு வகை வகையாகச் சொற்களைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். பிறகு பாதிப் பேரிடம் வெறுமனே எழுதச் சொன்னார்கள், மீதிப் பேருக்கு வகையின் பெயரை மட்டும் எடுத்துக் கொடுத்தார்கள். பெயர் கிடைத்தவர்கள் நிறைய எழுதினார்கள். பெயர் கிடைக்காதவர்களுக்கும் பிறகு அதைக் கொடுத்தபோது, வரவே வராது என்று விட்ட சொற்கள் வந்தன. மனசுக்குள் இருப்பது வேறு, அது கைக்கு எட்டுவது வேறு. 1973இல் தாம்சனோடு சேர்ந்து இன்னொரு படி போனார்: ஒரு விஷயம் உள்ளே போகும்போது கூட என்ன போனதோ, அதுதான் திரும்ப எடுக்கும்போது அடி எடுத்துக் கொடுக்கும்.

உங்கள் ரூம்மேட் சொல்கிற இடக் கதைக்கு ஒரு பிரபலமான சோதனை உண்டு. 1975இல் காடனும் பாடலியும் ஸ்காட்லாந்தில் ஓபன் ஊருக்குப் பக்கத்துக் கடலில் செய்தது. 18 முக்குளிப்பவர்கள், 36 சொற்கள் கொண்ட பட்டியல். கரையில் உட்கார்ந்து கேட்டது, 20 அடி ஆழத்தில் இருந்து கேட்டது என்று இரண்டு விதம். கரையில் கேட்டதைக் கரையிலேயே எழுதினால் சராசரியாக 13.5 சொல், தண்ணீருக்குள் எழுதினால் 8.6. தண்ணீருக்குள் கேட்டதை அங்கேயே எழுதினால் 11.4, கரைக்கு வந்து எழுதினால் 8.4. ஏறி இறங்குகிற அலைச்சலில் மறந்திருக்கலாமே என்று அவர்களுக்கே சந்தேகம் வந்து, கரையில் கேட்டவர்களைக் குதித்து மூழ்கி மறுபடி கரைக்கு வந்து எழுதச் சொன்னார்கள். அப்படிச் செய்தும் குறையவில்லை. எனவே அலைச்சல் காரணமில்லை.

அணுசக்தி நகர் ரவி

மேடம், இந்த முக்குளிப்பவர்கள் கதையை எல்லா இடத்திலும் படித்துவிட்டேன். 18 பேர் என்பது ஒரு எண்ணிக்கையா? அதே சோதனையை யாப் முர்ரே 2021இல் மறுபடி செய்து பார்த்தார், 16 பேரை வைத்து. அந்த வித்தியாசம் அவருக்குக் கிடைக்கவில்லை. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பையன் பரீட்சைக்கு முந்தின நாள் தாதர் ஹால் எங்கே, எந்த பெஞ்ச் என்று அலைந்துகொண்டிருப்பார், படிக்கிற நேரம் போய்விடும். கருவிகளோடு வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு தடவை வந்த ரீடிங்கை நான் நம்ப மாட்டேன்.

செம்பூர் கௌரி

ரவி சார் சொல்வது முழுக்க நியாயம், அடுத்து அதற்குத்தான் வர இருந்தேன். ஸ்மித்தும் வேலாவும் 2001இல் அதுவரை வந்த இட சம்பந்தமான சோதனைகளையெல்லாம் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். இடத்துக்கு ஒரு பங்கு உண்டு, ஆனால் சிறியது. அறை மாறினால் எல்லாம் போய்விடும் என்பது இல்லவே இல்லை.

ஏன் சில சமயம் தெரிகிறது, சில சமயம் தெரிவதில்லை என்பதற்கும் அதே காடனும் பாடலியும் 1980இல் ஒரு துப்பு கொடுத்தார்கள். இந்த முறை சொற்களை எழுதச் சொல்லவில்லை. ஒவ்வொரு சொல்லாகக் காட்டி, இது பட்டியலில் இருந்ததா இல்லையா என்று மட்டும் கேட்டார்கள். இடத்தால் வந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. சொல்லே கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது அதைவிடப் பலமாக அடி எடுத்துக் கொடுக்க வேறு என்ன வேண்டும்? எதுவுமே கையில் இல்லாதபோதுதான் மனசு சுவரையும் ஜன்னலையும் பிடித்துக்கொண்டு தேடுகிறது. பலமான பிடி ஒன்று இருந்தால் அறையை அது கண்டுகொள்வதே இல்லை.

இப்போது சரவணன் எழுதியதை மறுபடி படித்துப் பாருங்கள். பச்சை ஹைலைட்டர், இடது பக்கம், அம்புக்குறி. அவர் பிடித்துக்கொண்டது பக்கத்தை. இதுதான் என் சந்தேகம் தம்பி: நீங்கள் அந்தப் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறீர்கள், வாசிக்கும்போது முந்தின வரி அடுத்த வரியை எடுத்துக் கொடுத்துவிடும், பக்கம் எப்போதும் எதிரிலேயே இருக்கும். ஹாலில் இருப்பது கேள்வி. அந்தக் கேள்விக்கும் அந்தப் பதிலுக்கும் நடுவில் நீங்கள் ஒருமுறைகூட நடந்து பார்த்ததில்லை என்றால், ஏசி ஹாலை விடுங்கள், உங்கள் மூலை டேபிளிலேயே கேட்டிருந்தாலும் தடுமாறியிருப்பீர்கள்.

ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் இதைப் பளிச்சென்று காட்டினார்கள். ஒரு கட்டுரையைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள் ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் சொன்னார்கள். ஒரே ஒரு கட்டம் வாசித்துவிட்டு, புத்தகத்தை மூடி மூன்று தடவை எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதம். ஆனால் படித்த ஐந்தாவது நிமிஷத்தில் கேட்டால் வாசித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ராத்திரி அப்யாசிகாவில் எல்லாம் வருகிறது, நான்கு நாள் கழித்து வரவில்லை என்றால் அதில் ஆச்சரியம் இல்லை.

மாட்டுங்கா வசந்தா

கௌரி, இதைப் படித்ததும் கை பரபரத்தது, எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பாட்டு வகுப்பு நடத்துகிறேன். குழந்தைகள் எங்கே நிற்கும் என்பது எனக்கு அத்துப்படி.

வர்ணம் என்கிற கர்நாடக சங்கீத உருப்படியில் பல்லவி, அனுபல்லவி, முக்தாயி ஸ்வரம் வரைக்கும் தண்ணி பட்ட பாடு. சரணத்துக்கு வந்து எத்துகட ஸ்வரங்கள் என்கிற ஸ்வரத் தொகுதிகள் ஆரம்பித்ததும், இரண்டாவது பாட வேண்டிய இடத்தில் நான்காவதுக்குப் போய்விடும். ஒரு குழந்தை இரண்டு குழந்தை இல்லை, பெரும்பாலும் எல்லாமே. ஏனென்றால் ஒவ்வொரு ஸ்வரம் முடிந்ததும் அதே சரண அடிக்குத் திரும்பி வர வேண்டும். அந்த அடியைப் பாடி முடிக்கிற நொடியில் நான்கு கதவும் திறந்திருக்கும், எதில் நுழைவது என்று தெரியாது. குழந்தைக்கு ஸ்வரம் மறக்கவில்லை. "மூணாவது எது?" என்று கேட்டால் தனியாகப் பாடிவிடும்.

நான் பண்ணுவது இதுதான். சரண அடி முடிகிற கடைசி எழுத்தோடு சேர்த்து அடுத்த ஸ்வரத்தின் முதல் எழுத்தைச் சொல்ல வைப்பேன். முழுசாகப் பாடவே விடமாட்டேன், அந்த இணைப்பை மட்டும் திருப்பித் திருப்பி. பிறகு நான் நடுவிலிருந்து கேட்பேன், மூன்றாவதிலிருந்து ஆரம்பி, இரண்டாவதிலிருந்து ஆரம்பி என்று. முதலில் அழும், பிறகு அதற்கே பிடித்துப் போகும்.

இடம் விஷயத்தில் ரவி சாரோடு எனக்குக் கொஞ்சம் பிணக்கு உண்டு. என் ஹாலில் ஸ்ருதிப் பெட்டி வலது பக்கம், நான் எதிரே உட்கார்ந்து தாளம் போடுகிறேன். ஒரு பெண் கோயில் நவராத்திரி மேடையில் நின்றுபோனாள், வீட்டில் ஒரு இடத்திலும் பிசகாத பெண். அங்கே ஸ்ருதி ஸ்பீக்கரில் பின்னாலிருந்து வந்தது, என் கை அவள் கண்ணில் படவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு உருப்படியையும் மாடிப்படியில் ஒரு தரம், மொட்டை மாடியில் ஒரு தரம், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு தரம் பாட வைத்துத்தான் மேடைக்கு அனுப்புகிறேன். சரவணன், நீயும் அந்த மூலை டேபிளை விட்டு எழுந்து வா.

செம்பூர் கௌரி

வசந்தா மாமி, இரண்டும் புத்தகத்தில் இருக்கிறது, நீங்கள் கையாலேயே கண்டுபிடித்திருக்கிறீர்கள். ஒரே அடி பல விஷயங்களுக்கு வழி காட்ட வேண்டியிருந்தால் அதன் பலம் பங்கு பிரிந்துவிடும், வாட்கின்ஸ் தம்பதி 1975இல் காட்டியது இது. "நிபந்தனைகள்" என்ற ஒரே தலைப்பில் பதினைந்து பிரிவுகளைப் படிக்கிற சட்ட மாணவனுக்கும் இதே கதிதான், ஒன்றுக்கு இன்னொன்று வந்து நிற்கும்.

இடத்தை மாற்றிப் படிப்பதற்கும் சோதனை இருக்கிறது. ஸ்மித், க்ளென்பர்க், பியார்க் மூன்று பேரும் 1978இல் செய்தார்கள். ஒரே பட்டியலை ஒரே அறையில் இரண்டு தடவை படித்தவர்களைவிட, இரண்டு வேறு அறைகளில் படித்தவர்கள் மூன்றாவது அறையில் நன்றாக எழுதினார்கள். ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக், மனித அறிவைப் பற்றிய தன் புத்தகத்தின் 1700ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு இளைஞனைப் பற்றி எழுதியிருக்கிறார். நடனம் கற்ற அறையில் ஒரு பழைய பெட்டி கிடந்ததாம், அந்தப் பெட்டியோ அதைப் போன்ற ஒன்றோ இருந்தால்தான் அவனுக்கு ஆட வருமாம். உங்கள் ஸ்ருதிப் பெட்டி ஞாபகம் வந்தது.

அந்தேரி பிரகாஷ்

அப்படியானால் உடம்பு நிலைக்கும் இது பொருந்துமா? ராத்திரி மூன்று காபி குடித்துவிட்டுப் படித்தால் பரீட்சைக்கும் மூன்று காபி குடிக்க வேண்டுமா?

செம்பூர் கௌரி

மதுவை வைத்து குட்வின் குழுவினர் 1969இல் செய்திருக்கிறார்கள். போதையில் கற்ற சில விஷயங்கள் தெளிந்த பிறகு வராமல், மறுபடி போதையில் ஓரளவு வந்தன. ஆனால் போதையில் கற்பதே மொத்தத்தில் மோசம், அந்த நஷ்டத்தை எதுவும் ஈடுகட்டாது. கஞ்சாவை வைத்து ஐக் முதலானவர்கள் 1975இல் செய்ததில், வகைப் பெயர் மாதிரி ஒரு அடி எடுத்துக் கொடுத்ததும் இந்த வித்தியாசமே போய்விட்டது. இங்கேயும் அதே கதை பாருங்கள், பலமான பிடி கிடைத்துவிட்டால் உடம்பு நிலை பின்னால் போய்விடுகிறது. காபி வழக்கமாகக் குடிப்பதைக் குடியுங்கள், அன்றைக்கு மட்டும் கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம்.

தாராவி இசக்கி

யாரும் சொல்லாத ஒன்று கேட்கிறேன். நான் பிறந்தது திருநெல்வேலி பக்கம், சின்ன வயதிலேயே இங்கே வந்தாச்சு, கடையில் நாள் பூரா ஹிந்தி, மராத்தி. ஊரிலிருந்து பெரியம்மா போன் பண்ணினால் கால் மணி நேரம் பேசுவேன். வைத்த பிறகு வாய்க்கால் படித்துறை, எங்கள் வாத்தியார் பிரம்பு வைக்கிற இடம், கூடப் படித்த பையன்கள் பேர் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கும். கடையில் யாராவது ஹிந்தியில் "உங்க ஊர் எப்படி?" என்று கேட்டால் சொல்ல ஒன்றும் வராது, நல்ல ஊர் என்று சொல்லி முடித்துவிடுவேன். பாஷைக்கும் இதில் பங்கு இருக்கிறதா?

செம்பூர் கௌரி

நிச்சயமாக இருக்கிறது இசக்கி அண்ணா. மரியனும் நைஸரும் 2000இல் எழுதியது நீங்கள் சொன்னதேதான். ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தவர்களிடம் ஒரு சமயம் ரஷ்ய மொழியிலும் ஒரு சமயம் ஆங்கிலத்திலும் பழைய நினைவுகளைக் கேட்டார்கள். ரஷ்ய மொழியில் கேட்டால் ரஷ்ய மொழியில் வாழ்ந்த காலத்துச் சம்பவங்கள் கூடுதலாக வந்தன, ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்தில் வாழ்ந்த காலம்.

சரவணன், இதில் உங்களுக்கும் ஒரு கேள்வி. புத்தகம் ஆங்கிலம், பரீட்சை ஆங்கிலம். நடுவில் புரிந்துகொள்வது எந்த மொழியில்?

சயான் சரவணன்

தமிழில்தான் மேடம்! ஆபீஸில் ஒரு அண்ணன் இருக்கிறார், மதியம் டப்பா சாப்பிடும்போது அவர்தான் விளக்குவார், எல்லாம் தமிழில். அவர் சொன்னது அப்படியே நிற்கிறது, ஆனால் பேப்பரில் ஆங்கில வாக்கியமாக எழுதப் போனால் முதல் சொல்லே வராது. இதை நான் ஞாபக சமாச்சாரமாகவே நினைக்கவில்லை, இங்கிலீஷ் சரியில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செம்பூர் கௌரி

தமிழில் புரிந்துகொள்வதை விட்டுவிடாதீர்கள், அதுதான் அஸ்திவாரம். புரிந்த அன்றைக்கே அதை ஆங்கிலத்தில் ஒருமுறை, புத்தகத்தைப் பார்க்காமல், எழுதிவிடுங்கள். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிற பாதையை முதல் தடவையாகப் பரீட்சை அன்றைக்கா போட வேண்டும்?

கல்யாண் ஜோசப்

நான் வாகன விபத்து க்ளெய்ம்களைப் பார்க்கிறவன். டிரைவரிடம் "என்ன நடந்தது?" என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் "திடீர்னு வந்துட்டான் சார்" என்பார்கள், அதோடு சரி. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனியர் அப்படிக் கேட்கவே மாட்டார். அன்றைக்கு வண்டியை எங்கே எடுத்தீர்கள், ரேடியோ ஓடியதா, வெயில் எந்தப் பக்கம் அடித்தது, முன்னால் என்ன வண்டி போய்க்கொண்டிருந்தது, அப்போது மனசில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று அந்தக் காலைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார். பாதி வழியில் ஆளே நிமிர்ந்து உட்கார்ந்து, "இடது பக்கம் ஒரு டெம்போ நின்றது, அதைத் தாண்டத்தான் ஒதுங்கினேன்" என்பார். ஃபிஷர், கைசல்மேன் என்ற இருவர் 1984 முதல் இதையே சாட்சிகளை விசாரிக்கும் முறையாக வகுத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. சூழலையும் மனநிலையையும் மனசுக்குள் திரும்பக் கட்டுவதுதான் அதன் முதல் படி.

எச்சரிக்கையும் உண்டு. நாம் வாயில் வார்த்தையைப் போட்டுவிடக் கூடாது. லாஃப்டஸும் பாமரும் 1974இல் ஒரே விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு, சிலரிடம் கார்கள் "மோதியபோது" என்ன வேகம் என்றும் சிலரிடம் "நொறுக்கிக்கொண்டபோது" என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, நொறுக்கியது என்று கேட்கப்பட்டவர்களில் 32 சதவீதம் பேர் பார்த்தேன் என்றார்கள், மோதியது என்று கேட்கப்பட்டவர்களில் 14 சதவீதம். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. அதனால் நான் "டெம்போ நின்றதா?" என்று ஒருநாளும் கேட்பதில்லை.

அணுசக்தி நகர் ரவி

ஜோசப் சொன்ன முதல் பகுதி எனக்கு ஒப்புக்கொள்ளக் கூடியதாக இருக்கிறது. அந்த இடத்துக்கு நேரில் போக வேண்டியதில்லை, மனசால் போனால் போதும் என்றால் பரீட்சை எழுதுகிறவருக்கும் உதவும். இதற்குச் சோதனை இருக்கிறதா?

செம்பூர் கௌரி

இருக்கிறது சார். ஸ்மித் 1979இல் செய்தது. வேறு அறையில் எழுதினவர்களில் ஒரு பகுதியினரிடம், படித்த அறையை முதலில் மனசுக்குள் கொண்டுவரச் சொன்னார். அவர்கள் கிட்டத்தட்ட அதே அறையில் எழுதினவர்கள் அளவுக்கு எழுதினார்கள். அதனால் சரவணன், ஹாலில் வராவிட்டால் பச்சை ஹைலைட்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம். மூலை டேபிள், மதியம் அந்த அண்ணன் டப்பாவைத் திறந்துகொண்டே சொன்ன உதாரணம், அங்கேயெல்லாம் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

முலுண்ட் செல்வி

பரீட்சை பேச்சுக்கு நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். மனநிலை என்று ஜோசப் எழுதியதால் கேட்கிறேன்.

அம்மா போன ஆடியில் தவறிவிட்டார். அப்பா பரேல் மில்லில் வேலை பார்த்தவர், 82 ஸ்ட்ரைக்கில் வேலை போனது. அம்மா மாவாட்டி விற்றுத்தான் அந்த வருஷங்களில் குடும்பம் நடந்தது. இப்போது அப்பா பேசுவதெல்லாம் அது ஒன்றுதான். "உங்கம்மாவ நான் ஒருநாளும் நல்லா வச்சுக்கல." அப்புறம் நல்லபடியாக வேறு வேலை கிடைத்தது, இரண்டு பேருமாக ராமேஸ்வரம் போனார்கள், என் கல்யாணத்தை எப்படி நடத்தினார்கள், எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். "அதெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்கிறார். அவருக்கு மறதி நோயோ என்று தம்பிக்குப் பயம். ஆனால் 82இல் நடந்தது தேதி வாரியாகச் சொல்கிறார்.

செம்பூர் கௌரி

செல்வி, மன்னிப்பு எதற்கு? இந்த இழையில் இதுதான் மிக முக்கியமான கேள்வி.

அப்பா பொய் சொல்லவில்லை, பிடிவாதமும் இல்லை. இருக்கும் மனநிலை தனக்கு ஒத்த நினைவுகளுக்கே அடி எடுத்துக் கொடுக்கும். இதை கோர்டன் பவர் 1981இல் விரிவாக எழுதினார். அவர் சொன்னதில் ஒரு பகுதி, சோகமாக இருக்கும்போது கற்ற எதுவும் சோகத்தில் நன்றாக வரும் என்பது, அவரே பிறகு செய்து பார்த்தபோது சரியாக நிற்கவில்லை. ஆனால் சோகத்தில் சோகமான நினைவுகள் முந்திக்கொண்டு வரும் என்பது நன்றாக நிலைத்து நிற்கிறது. கிளார்க்கும் டீஸ்டேலும் 1982இல் மனச்சோர்வு உள்ளவர்களைப் பார்த்தார்கள், ஒரே நாளில் ஒரு நேரம் கனமாகவும் ஒரு நேரம் கொஞ்சம் லேசாகவும் இருப்பவர்கள். அதே ஆள், அதே வாழ்க்கை. கனமான நேரத்தில் துக்கமான நினைவுகள் கூடுதல், லேசான நேரத்தில் குறைவு. எனவே அப்பா எந்த நேரத்தில் சற்றுத் தெளிவாக இருக்கிறார் என்று கவனியுங்கள், காலை டீக்குப் பிறகா, சாயங்காலமா என்று. பேச வேண்டியதை அப்போது பேசுங்கள்.

இன்னொன்று. மார்க் வில்லியம்ஸும் பிராட்பெண்டும் 1986இல் காட்டியது: உயிரை விட முயன்று சிகிச்சைக்கு வந்தவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து அது சம்பந்தமாக நடந்த ஒரு குறிப்பிட்ட சம்பவத்தைச் சொல்லச் சொன்னால், சம்பவம் வராது, பொதுவாக ஒரு தீர்ப்புதான் வரும். மனச்சோர்விலும் இதே போக்கைப் பிறகு நிறையப் பேரிடம் கண்டார்கள். "ஒருநாளும் நல்லா வச்சுக்கல" என்பது தீர்ப்பு. அதற்கு எதிராக நீங்கள் ராமேஸ்வரம், கல்யாணம் என்று அடுக்கும்போது அவருக்கு அது வாதமாகத்தான் கேட்கும். ஜோசப் டிரைவரிடம் கேட்பது மாதிரி கேட்டுப் பாருங்கள். ராமேஸ்வரத்துக்கு எந்த வண்டியில் போனீர்கள், சீட் கிடைத்ததா, கட்டுச்சோறு என்ன, கோயில் தீர்த்தங்களில் குளிக்கும்போது துணியை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று. சந்தோஷமாக இருந்தீர்களா என்று கேட்கவே வேண்டாம்.

ஆனால் இது மட்டும் போதாது. பல மாதமாக இப்படியே இருக்கிறார், தூக்கமும் சாப்பாடும் குறைந்திருக்கிறது என்றால் மனநல மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். வயதானவர்களுக்கு மனச்சோர்வும் மறதி மாதிரி தெரியும், இரண்டையும் பிரித்துப் பார்க்க மருத்துவரால்தான் முடியும். அரசின் டெலி மானஸ் எண் 14416, இலவசம், எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். உயிர் வேண்டாம் என்ற மாதிரி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

முலுண்ட் செல்வி

தூக்கம் இல்லை, மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். தம்பியோடு பேசிவிட்டேன், இந்த வாரமே காட்டுகிறோம். சாயங்காலம் கோயிலுக்குப் போய் வந்தால் கொஞ்சம் நன்றாக இருக்கிறார், இவ்வளவு நாள் அதை நான் கவனிக்கவில்லை. நன்றி கௌரி அக்கா.

வாஷி டாக்டர் மீனா

கௌரி செல்விக்குச் சொன்னதை வழிமொழிகிறேன். விடியும் முன்பே விழிப்பு வருவதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சரவணனின் அப்பா சொன்ன பயத்தை எல்லோரும் தாண்டிவிட்டீர்கள், அதிலும் உண்மை இருக்கிறது. டி கெர்வேன் குழு 1998இல் எலிகளுக்குத் தண்ணீர்த் தொட்டியில் மறைந்திருக்கும் மேடையைத் தேடக் கற்றுக்கொடுத்தது. அடுத்த நாள் சோதனைக்கு முன் காலில் லேசான ஷாக். ஷாக் கொடுத்த இரண்டாவது நிமிஷத்தில் எலிகளுக்கு மேடை இருக்கும் இடம் தெரிந்தது, நான்கு மணி நேரம் கழித்தும் தெரிந்தது, அரை மணி நேரத்தில் மட்டும் தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் அழுத்த ஹார்மோன் ரத்தத்தில் ஏறி நிற்கிறது. 2000இல் மனிதர்களுக்கு கார்ட்டிசோன் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். முந்தின நாள் படித்த சொற்களைத் தாமாக நினைவுகூர்வது குறைந்தது, பார்த்து அடையாளம் காண்பது குறையவில்லை.

பரீட்சை கேட்டில் நின்றுகொண்டு "பிரிவு 124 படிச்சியா? அதுலதான் வருமாம்" என்று கேட்கிற கூட்டம் இருக்கிறதே, அந்தக் கூட்டத்தில் நிற்கவே நிற்காதீர்கள். அங்கே வயிறு கலங்கினால், பேப்பர் கையில் வருகிற நேரத்துக்குச் சரியாக அந்த அரை மணி முடியும். தள்ளி நில்லுங்கள், தெரிந்த ஏதாவது ஒன்றை எழுதிப் பாருங்கள். உள்ளே ஒரு கேள்வி அடைத்துக்கொண்டால் இடம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நாக்கு நுனியில் நிற்பதைப் பிடித்து இழுக்க இழுக்கத் தவறான பதிலே திரும்பத் திரும்ப வரும், விட்டுவிட்டால் வேறொரு கேள்வியின் ஒரு சொல் அதை எடுத்துக் கொடுக்கும். உங்களுக்கு பிரிட்ஜில் வந்ததும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஹாலை விட்டு இறங்கியதும் அழுத்தமும் இறங்கிவிட்டது.

சயான் சரவணன்

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்துவிட்டேன். இப்படிச் செய்யலாம் என்றிருக்கிறேன், தவறிருந்தால் சொல்லுங்கள். ஆபீஸ் அண்ணன் தமிழில் சொல்வதை அன்று ராத்திரியே ஆங்கிலத்தில் பார்க்காமல் எழுதுவது. பழைய கேள்வித்தாள்களிலிருந்து கேள்விகளை மட்டும் சீட்டுகளாக வெட்டிக் கலைத்துப்போட்டு, பிரிவு வரிசை இல்லாமல் எடுப்பது, வசந்தா மாமி மூன்றாவதிலிருந்து பாடச் சொல்கிற மாதிரி. வாரத்தில் பாதி நாள் அப்யாசிகா, மீதி நாள் வேறு எங்காவது, ஞாயிற்றுக்கிழமை ஃபைவ் கார்டன்ஸ் பெஞ்ச். ஒரே கஷ்டம், சீட்டை நானே எடுத்து நானே பதில் பார்த்தால் ஏமாற்றிக்கொள்ளத் தோன்றுகிறது. கேட்க ஒரு ஆள் வேண்டும்.

தாராவி இசக்கி

எனக்குக் கம்பெனிச் சட்டம் ஒன்றும் தெரியாது, ஆனால் சீட்டில் எழுதியதை வாசித்துக் கேட்கத் தெரியும். ஞாயிறு கடை திறக்கப் பதினொன்று ஆகும். காலை எட்டரைக்கு ஃபைவ் கார்டன்ஸுக்கு வந்துவிடுகிறேன், பதிலையும் சீட்டுக்குப் பின்னால் எழுதிக்கொண்டு வா தம்பி.

மாட்டுங்கா வசந்தா

பதினைந்து நிமிஷ நடைதான் எனக்கு. நானும் வருகிறேன், இசக்கி கேட்கும்போது நடுவில் வேறு பிரிவைப் போட்டுக் கலைக்க ஒரு ஆள் வேண்டுமே.